வாகனத் தரிப்பிடத்தில் அத்தான்

1

ஊரிலிருந்து யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் ஐந்து இடங்களைப் பார்க்காமல் திரும்பிப்போக முடியாது. இது நான் போட்ட சட்டம். மழை பெய்தாலும், வந்தவருக்கு முழங்கால் நோவென்றாலும் விலக்கு இல்லை.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், டார்லிங்டன் என்ற ஊரில். ரயில் பிறந்த ஊர் என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். விருந்தாளிக்குக் காட்ட ஊருக்குள் அதிகம் இல்லை. ஆனால் காரை எடுத்தால் அரைமணித்தியாலத்தில் டர்ஹாம் பெருந்தேவாலயம். இன்னும் கொஞ்சம் ஓடினால் விற்பி என்ற ஊரில் கடலைப் பார்த்தபடி இடிந்து நிற்கும் மடாலயம். வடக்கே ரோமர் கட்டிய மதில். மேற்கே பூந்தோட்டத்தோடு ஒரு பிரபுவின் மாளிகை. ஐந்தாவது இடத்தை மட்டும் போய்ச் சேரும்வரை சொல்லாமல் வைத்திருப்பேன். ஹாட்டில்பூல் துறைமுகத்தில் பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று நிற்கிறது. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய கப்பல். அதன் பெயர் திருகோணமலை.

எங்கள் ஊரின் பெயரை அந்தக் கப்பலில் ஆங்கில எழுத்தில் கண்டதும் கண்கலங்கியவர்கள் உண்டு. “பேரை மட்டும்தானோ கொண்டு வந்தவங்கள்?” என்று கேட்ட என் மாமனாரும் உண்டு.

இத்தனைக்கும் ஊரில் இருந்தபோது நான் எதையும் பார்த்தவள் அல்ல. திருகோணமலை அன்புவழிபுரத்தில் பிறந்து வளர்ந்து, கலியாணம் கட்டி விமானம் ஏறும்வரை புறாமலைத் தீவில் கால் வைத்ததில்லை. போக விட்ட காலத்தில் போகத் தோன்றவில்லை, போகத் தோன்றிய காலத்தில் சண்டை என்று நேவி விடவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனது அப்பாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு மட்டும். கோட்டைக்குள் மான் மேய்வது வெள்ளைக்காரருக்குத்தான் அதிசயம். எங்களுக்கு அது கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி. உள்ளூர் மாடு விலைப்படாது என்பார்களே, அதேதான்.

இங்கே வந்த பிறகு நான் பெரிய வழிகாட்டி ஆகிவிட்டேன். எந்த இடத்தில் கழிப்பறை சுத்தம், எந்த வாசலில் படிக்கட்டு குறைவு, கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் எந்த வாங்கில் இருந்தால் யாரும் முறைக்காமல் சாப்பிடலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் கணவருக்குச் சனிக்கிழமைகளில் வேலை. ஆகையால் காரை ஓட்டுவதும் நான், கதை சொல்வதும் நான்.

2

இந்த ஆனி மாதம் அத்தான் வந்தார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எனக்கு அக்கா ஒருத்திதான். மாசியில் அவள் போய்விட்டாள். காலையில் நெஞ்சு நோகுது என்றவள் பின்னேரம் இல்லை. நான் ஓடிப்போய் எட்டாம் நாள் சடங்குவரை நின்று, அழுது, வேலைக்குத் திரும்பினேன். இங்கே ஒரு பள்ளிக்கூடக் குசினியில் சமைக்கிறேன். அக்காவின் சாவுக்கு அவ்வளவுதான் விடுமுறை கிடைத்தது.

திரும்பி வந்த பிறகு அக்காவின் மகள் சுகந்தி அடிக்கடி போன் எடுப்பாள். ஒரே கதைதான்.

“சித்தி, அப்பா சாப்பிடுறேல்ல. கதைக்கிறேல்ல. என்ன கேட்டாலும் ‘ஓம்’, இல்லாட்டி ‘வேண்டாம்’. டொக்டர் ஒரு வருத்தமும் இல்லை எண்டுறார். ஆனா சேட்டெல்லாம் தோளில தொங்குது. எனக்குப் பயமாக் கிடக்கு. அம்மாவுக்குப் பின்னால இவரும் போயிடுவார் போல.”

“இங்க அனுப்பு,” என்றேன். “நாலு இடத்தைப் பார்த்தா மனுசன் தெளிவார்.”

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. சொல்லி முடித்த பிறகுதான் விசா என்ற ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. வருவதற்குக் காரணம் என்ன என்று கேட்கிறார்கள். மனைவி செத்த துக்கம் ஆற என்று எழுதினால் அதிகாரி என்ன நினைப்பாரோ என்று பயம். ‘சுற்றிப் பார்க்க’ என்று போட்டு, அழைப்புக் கடிதத்தில் என் ஐந்து இடங்களையும் வரிசையாக எழுதி அனுப்பினேன். கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் அத்தான் அந்தப் பெயர்களைப் பிள்ளைகள் வாய்ப்பாடு பாடமாக்குவதுபோலப் பாடமாக்கியிருக்கிறார். ஒருவரும் கேட்கவில்லை. விசா கிடைத்தது.

வந்து இறங்கிய மறுநாளே கேட்டார். “பிள்ளை, அந்த அஞ்சு இடத்துக்கும் எப்ப போறம்?”

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. மனுசனுக்கு ஆசை பிறந்துவிட்டது என்று சுகந்திக்கு உடனே செய்தி போட்டேன். காரணம் பிறகுதான் தெரிந்தது.

“எழுதிக் குடுத்தால் போகத்தானே வேணும். திரும்பிப் போகேக்க எயாப்போட்டில கேப்பாங்கள்.”

“ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள், அத்தான்.”

“கேக்காட்டியும்,” என்றார்.

3

முதற் சனிக்கிழமை கப்பலுக்குப் போனோம். பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் நின்ற என் மகள் அபியும் வந்தாள். வந்தாள் என்றால், காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டு பின் இருக்கையில் கிடந்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும். வாயில் வருவது ஆங்கிலம். பெரியப்பாவோடு பேசவேண்டும் என்று நான் கண்ணைக் காட்டினால், “பெரியப்பா சாப்பிட்டது?” என்று கேட்பாள். அத்தான் “ஓம்” என்பார். அத்தோடு இருவருக்கும் கதை முடிந்துவிடும்.

அத்தான் என் பக்கத்தில் இருந்தார். வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிறேக்கை மிதித்தது. முப்பது வருடத்துக்கு மேலாக வான் ஓட்டிய கால். நிலாவெளி விடுதிகளில் வந்து தங்கும் வெள்ளைக்காரரைக் கோட்டை, கோயில், கன்னியா, மாபிள் பீச் என்று ஏற்றி இறக்கிய மனுசன்.

துறைமுகத்தில் காரை நிறுத்தியதும் அவர்தான் முதலில் இறங்கினார். சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு அபியின் கதவை. நான் நுழைவுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, “வாங்கோ அத்தான்,” என்றேன்.

“நீங்கள் போய்ப் பார்த்திட்டு வாங்கோ. நான் வாகனத்தோட நிக்கிறன்.”

“வாகனத்தை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகமாட்டாங்கள். எங்கட ஊர்ப் பேர் போட்ட கப்பல், அத்தான். அதைப் பாக்கத்தானே வந்தது.”

“தெரியுது. இங்கயிருந்தே பாய்மரம் தெரியுது. கார்த் திறப்பைத் தந்திட்டுப் போ, பிள்ளை.”

நான் கோபக்காரி. அது என் வீட்டிலும் வேலையிடத்திலும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மனைவியை இழந்த மனுசனிடம் என்ன கோபத்தைக் காட்டுவது? திறப்பைக் கொடுத்துவிட்டு அபியோடு ஏறி, ஏற்கெனவே பலமுறை பார்த்த பீரங்கிகளை இன்னொருமுறை பார்த்துவிட்டு வந்தேன். காரின் முன்கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அத்தான் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். தன் நுழைவுச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றிரவு இரண்டு இடியப்பம் வைத்தேன். ஒன்றை நுள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

4

அடுத்த கிழமை பிரபுவின் மாளிகை. அத்தான் தரிப்பிடத்தில். அதற்கடுத்த கிழமை ரோமர் மதில். அங்கே நுழைவு வாசலும் இல்லை, சுவரும் இல்லை என்றே சொல்லலாம். புல்வெளியில் நடந்தால் சரி. “உள்ளுக்குப் போறதெண்ட பேச்சே இல்லை அத்தான், இது வெளி,” என்று வாதாடிப் பார்த்தேன். “ஓம், காத்து நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிக் கார் அருகிலேயே நின்றுகொண்டார்.

மதிலோரமாக நடந்தபோது அபி காதிலிருந்ததைக் கழற்றினாள். “அம்மா, நீ கவனிச்சியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “பெரியப்பா கவலையில நிக்கிறமாதிரி எனக்குத் தெரியேல்ல. வேலையில நிக்கிறமாதிரிக் கிடக்கு. நாங்கள்தான் அவருக்கு டூரிஸ்ட்.”

பிள்ளைகள் எங்களைவிட்டுத் தூரப்போகிறார்கள் என்று நாங்கள் எல்லாரும் புலம்புகிறோம். தூரத்தில் நிற்பவர்களுக்குச் சில விஷயம் வடிவாகத் தெரியும் போலிருக்கிறது. நான் அவருடைய மௌனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவருடைய கைகளைப் பார்த்திருக்கிறாள். கதவைத் திறப்பது, கண்ணாடி துடைப்பது, கார்ச் சில்லைக் காலால் தட்டிப் பார்ப்பது, நிழல் எந்தப் பக்கம் விழும் என்று சூரியனைப் பார்ப்பது. உண்மைதான். ஊரில் கெஸ்ட் உள்ளே போனால் சாரதி உள்ளே போவதில்லை. அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். கோணேசர் கோயில் வாசலில் வான்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சாரதி இருப்பார். கும்பிடவேண்டுமென்றால் வேறொரு நாள் குடும்பத்தோடு வருவார்கள்.

“அப்ப பழக்கதோசம்தான்,” என்றேன். மனம் கொஞ்சம் லேசானது.

திரும்பிப் போனபோது அந்த லேசும் போய்விட்டது. அத்தான் முன் இருக்கையில் இருந்தார். கையில் கைபேசி. திரை இருண்டு கிடந்தது. நாங்கள் கண்ணாடியைத் தட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை அன்று துடைத்திருக்கவில்லை.

அன்றும் சாப்பிடவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. என் கையில் ஏதாவது நடந்துவிட்டால் சுகந்திக்கு என்ன பதில் சொல்வேன்? விமானச் சீட்டை முன்னதாக மாற்றி அனுப்பிவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். “அங்க போய்ச் சாகட்டும் எண்டு சொல்லுறியோ?” என்றார் அவர். அவருக்கும் என் கோபம் தொற்றிவிட்டது.

5

மறுநாள் சுகந்தி எடுத்தாள். குரலைத் தாழ்த்திக் கதைத்தாள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள் போலும்.

“சித்தி, ஒரு விசயம். சொல்லுறதோ வேண்டாமோ எண்டு இருந்தனான். அம்மாவின்ர போன் அடிக்குது.”

“என்னடி சொல்லுறாய்?”

“அம்மாவின்ர போனை நான் அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறன். சாச் போட்டு வைக்கிறனான். ஏனெண்டு கேக்காதேங்கோ. நிப்பாட்ட மனமில்ல. சனிக்கிழமையளில அது அடிக்குது. அப்பாதான். முதல் நாள் எடுத்து ‘அப்பா’ எண்டன். உடன வச்சிட்டார். நேற்றும் அடிச்சது. நான் எடுக்கேல்ல. அடிச்சு அடிச்சு நிண்டிட்டுது.”

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சொன்னாள். இங்குள்ள நேரத்துக்குக் கழித்துப் பார்த்தேன். நாங்கள் ரோமர் மதிலில் காற்று வாங்கிக்கொண்டு நின்ற நேரம்.

கைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? நான் அக்காவோடு எப்போதும் சனிக்கிழமைகளில்தான் கதைப்பேன். எனக்குக் காலை, அவளுக்குப் பின்னேரம். கதை சூடு பிடிக்கும் நேரத்தில் அவள், “வையடி, வையடி, அத்தான் எடுக்கிறார். வெள்ளைக்காரரைக் கோட்டைக்குள்ள விட்டிட்டார்,” என்பாள்.

“பொழுதுபடக்குள்ள வீட்டை வரப்போற மனுசன்தானே? நான் காசு குடுத்து லண்டனிலயிருந்து எடுக்கிறன்,” என்று ஏசுவேன். டார்லிங்டன் லண்டன் அல்ல என்பது வேறு விஷயம். ஊரில் எங்களுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான்.

“வீட்டை வந்தா எங்கயடி கதைக்கிறது?” என்பாள் அக்கா. “மாமி படுத்த படுக்கை, பேரப்பிள்ளையள், ரிவி, வாற போற சனம். வந்தா சாப்பிடுவார், படுப்பார். கதைக்கிறதெண்டா வானுக்குள்ள இருக்கேக்கதான்.”

அப்படி என்னதான் கதைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “என்ன கறி எண்டு கேப்பார். சொல்லுவன். பிறகு சும்மா,” என்றாள்.

வெள்ளைக்காரர் கன்னியாவில் ஏழு கிணற்றிலும் தண்ணீர் அள்ளி ஊற்றிச் சிரித்துக்கொண்டிருந்த நேரங்களில், புறாமலையில் மீன் பார்த்துக்கொண்டிருந்த நேரங்களில், இவர்கள் இரண்டு பேரும் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். அத்தானுக்கு வாகனத் தரிப்பிடம்தான் வீடு. அவரை அக்காவின் நினைவிலிருந்து தூரப்படுத்தவென்று நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா இல்லாத அந்த வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டிருக்கிறேன். அன்று நன்றாக அழுதேன். மாசியில் அழுததைவிடக் கூட.

6

அழுது முடிந்தால் எனக்கு உடனே ஏதாவது செய்யவேண்டும். விற்பியில் மடாலயத்தின் இடிந்த வளைவுக்குக் கீழே நின்று, அபி படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, தரிப்பிடத்தில் இருந்த அத்தானுக்கு எடுத்தேன். கைபேசியில் என் பெயரைக் கண்டதும் மனம் ஆறும் என்று நினைப்பு.

முதல் மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டார். “முடிஞ்சுதோ? வாகனத்தை வாசலுக்குக் கொண்டு வரவோ?”

இங்கே அவர் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை.

“இல்லை அத்தான். சும்மாதான் எடுத்தனான். என்ன செய்யிறியள்?”

“நிக்கிறன்.”

“கடல் தெரியுதோ?”

“தெரியுது. ஆறுதலாப் பாருங்கோ, பிள்ளை. அவசரமில்ல,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. கடற்காற்று வேறு. ஒரு கடற்பறவை அபியின் கையிலிருந்த உருளைக்கிழங்குப் பொரியலைப் பிடுங்கிக்கொண்டு போனது. அபி கத்தினாள். அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூட வரவில்லை.

காரில் திரும்பும்போது பின் இருக்கையிலிருந்து அபி என் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். ‘நீ உள்ளுக்கு நிண்டு எடுத்தா நீ டூரிஸ்ட். டிரைவர் டூரிஸ்டோட அப்பிடித்தான் கதைப்பார். வீட்டில ஒருவர் இருக்கோணும். அவர்தான் எடுக்கோணும்.’ ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை ஆயிரம். நான் அதை அழிக்கவில்லை.

7

மிச்சமிருந்தது டர்ஹாம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது உறைந்த கணவாய் மீன் வாங்கி வந்தேன். சனிக்கிழமை காலையில் அத்தான் சேட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். தோளில் அது இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

“அத்தான், நான் இண்டைக்கு வரேல்ல. அபி கூட்டிக்கொண்டு போவாள். எனக்குக் கணவாய்க் கறி காய்ச்ச இருக்கு. அக்கா வைக்கிற மாதிரி எனக்கு வாறேல்ல. அங்க போய் நிண்டாப் பிறகு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ.”

என்னைப் பார்த்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கே சமைத்துப் போடுகிறவள், கடற்கரை ஊரில் பிறந்தவள், கணவாய்க் கறி தெரியாது என்கிறாள். பொய் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“அபி கவனமா ஓடுவாளோ?” என்று மட்டும் கேட்டார்.

“பிறேக்கை நீங்கள் மிதிப்பியள்தானே,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. போய்விட்டார்கள்.

கணவாயைத் தண்ணீரில் போட்டேன். வெங்காயம் உரித்தேன். இந்தச் சனிக்கிழமை வீட்டில் இருப்பது எனக்கே புதினமாக இருந்தது. அபியிடமிருந்து செய்தி வந்தது: நிறுத்தியாச்சு, நான் உள்ளே போகிறேன், பெரியப்பா காரில். நான் கைபேசியை ஜன்னல் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தேன். அடிக்கவில்லை. கணவாயைக் கழுவினேன். அடிக்கவில்லை. தேவாலயத்தின் பெரிய கதவும், அதற்குள்ளே வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் சனமும், அவர்களில் ஒருத்தியாக அபியும் என் கண்ணுக்குள் வந்துபோனார்கள். எத்தனை விருந்தாளிகளோடு நானும் அப்படி நின்றிருப்பேன். ஒருநாளும் வெளியே நிற்பவர்களை நினைத்ததில்லை.

சுகந்தியின் செய்தி வந்தது. ‘சித்தி, அம்மாவின்ர போன் அடிச்சது. இப்பதான் நிண்டது.’

சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அக்காவின் இடத்தில் போய் இருக்க நான் யார்? கணவாய் வாங்கிக்கொண்டு வந்து, நாடகம் போட்டு, ஒரு மனுசனின் துக்கத்துக்குள் மூக்கை நுழைத்து. என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. சட்டியை அடுப்பில் வைத்து எண்ணெயை ஊற்றினேன்.

அப்போது என் கைபேசி அடித்தது.

“பிள்ளை.”

“ஓம், அத்தான்.”

அவருக்குப் பின்னால் எங்கோ கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“எந்தக் கணவாய்?” என்றார்.

“இங்கத்தையது. ஐஸ் போட்டது.”

“அது தண்ணி விடும். முதல் தண்ணியை வத்த விடோணும். அவள் அப்பிடித்தான் செய்யிறவள். நீ அவசரப்படுவாய்.”

“ஓம்.”

“வெங்காயம் போட்டிட்டியோ?”

“இப்பதான் போடப்போறன்.” போட்டேன். எண்ணெய் சீறியது. என்ன கதைப்பது என்று தெரியவில்லை. கதைப்பதில் எனக்கு எந்நாளும் பஞ்சமில்லை, அன்று பார்த்து வாய் ஒட்டிக்கொண்டது. மழை இல்லை என்றேன். ஓம் என்றார். தக்காளி போடுவதோ என்று கேட்டேன். வேண்டாம், புளி விடு என்றார். பிறகு இருவரிடமும் ஒன்றும் இல்லை. அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்து, “சரி அத்தான், வைக்கட்டோ?” என்றேன்.

“வையாத,” என்றார்.

அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“வையாத, பிள்ளை. கதைக்கோணும் எண்டில்ல. போனைப் பக்கத்தில வச்சிட்டு நீ உன்ர வேலையைப் பார். எனக்குச் சத்தம் கேட்டாப் போதும்.”

கைபேசியை அடுப்புக்குப் பக்கத்தில், மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்தேன். குழாயைத் திறந்தேன், மூடினேன். கத்தியை எடுத்துக் கணவாயை வளையம் வளையமாக வெட்டினேன். அங்கே அவர் மூச்சு விடுவது கேட்டது. அக்காவும் இப்படித்தான் நின்றிருக்கிறாள், அன்புவழிபுரத்துக் குசினியில், இத்தனை வருடம். இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்றல்லவா நான் நினைத்தேன்? எனக்குக் கண் தெரியவில்லை. அகப்பையைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றேன், சத்தம் அந்தப் பக்கம் போகாமல்.

“வெங்காயம் கருகுது,” என்றது கைபேசி. “கிண்டு.”

கிண்டினேன். உண்மையிலேயே ஒரு பக்கம் கறுத்திருந்தது. கணவாயைக் கொட்டினேன். மிளகாய்த்தூளை எடுக்கப் போத்தலை இழுத்ததில் கைபேசி சரிந்து விழுந்தது. அவசரமாக நிமிர்த்தினேன். அபிக்காக எங்கள் வீட்டுக் கறியில் தூள் எப்போதும் குறைவு. அரைக் கரண்டி போட்டுவிட்டு மூடியைத் திருகினேன்.

“மூடிட்டியோ?” என்றார் அத்தான். “வந்த நாளிலயிருந்து பாக்கிறன், உன்ர கறியில உறைப்பெண்ட சாமானே இல்லை. இன்னும் போடு. நான் வந்து சாப்பிடோணும்.”